வெள்ளிக்கிழமைக் கொப்பி

பழைய விமான ரிக்கற்றைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மறந்திருக்காது. நீளவாக்கில் ஒரு சின்னப் புத்தகம். ஏறி இறங்கும் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு தாள், தாளின் முதுகில் கார்பன் மை. தொட்டால் விரலில் ஏறும், பிறகு விரல் தொட்டதிலெல்லாம் ஏறும். 2002 ஆனி மாதம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருந்த பயண முகவர் கடையில் அப்படி நாலு புத்தகம் வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸுக்குள் ஒருமுறை எண்ணினேன். வீட்டில் ஒருமுறை. இரவு இவர் வேலையால் வந்ததும் அவருக்கும் எண்ணிக் காட்டினேன். காலையில் மகளின் வெள்ளைச் சட்டைக் கொலரில் ஒரு சிவப்புப் பெருவிரல் பதிந்திருந்தது. கழுவியும் போகவில்லை. அந்தச் சட்டையை நான் எறியவில்லை.

ஊரை விட்டு வந்தது 1989இல். இடையில் பதின்மூன்று வருடம். 2002 மாசியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. அந்த வருட நல்லூர்த் திருவிழாவுக்கு எங்கள் தெருவிலேயே மூன்று வீடு புறப்பட்டது. எல்லாருக்கும் ஒரே நாட்கள்தான் வேண்டும்: பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆனிக் கடைசியில் முடிய வேண்டும், புரட்டாதி தொடங்குமுன் திரும்ப வேண்டும். எல்லாரும் கேட்கும் நாளில் எதுவும் மலிவாய் இருக்காது என்பது சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். ஆனால் விமான ரிக்கற்றின் விலை சந்தை விலையைப்போல் ஏறி இறங்குவதில்லை. அதை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் அந்தக் கடைத் தம்பி.

அவருடைய மேசையில் ஒரு கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு விமானத்துக்கு ஒரு வரி. அந்த வரியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சோடி சோடியாக நின்றன: வை 9, பி 9, எம் 4, கியூ 2, வி 0.

"அக்கா, இது ஒரு அலுமாரி எண்டு வையுங்கோ. ஒவ்வொரு எழுத்தும் ஒரு லாச்சி. சீற் ஒண்டுதான், சாப்பாடும் ஒண்டுதான், லாச்சிக்கு லாச்சி விலை மட்டும் வேறை. வி லாச்சி முடிஞ்சுது. கியூவிலை ரெண்டு இருக்கு. நாலு பேருக்கு ஒண்டாய்க் கேட்டா, நாலும் இருக்கிற எம் லாச்சிக்குப் போய் அந்த விலையைத்தான் காட்டும். பொறுங்கோ, ரெண்டு ரெண்டாய்க் கேட்டுப் பாப்பம்."

கேட்டார். இரண்டு பேருக்குக் கியூ விலை, இரண்டு பேருக்கு எம் விலை. மிஞ்சிய காசில் அம்மாவுக்கு ஒரு தையல் மெசின் வாங்கலாம் என்று அந்த மேசையிலேயே கணக்குப் போட்டேன். ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெரிய ஆளும் ஒரு பிள்ளையும் வரும்படி பிரித்து, இரண்டு பதிவும் ஒரே குடும்பம் என்று விமான நிறுவனத்துக்குக் குறிப்பும் போட்டுவிட்டார். எழுத்துக்குப் பக்கத்தில் 9 என்றால் ஒன்பது அல்லது அதற்கு மேல், அதற்குமேல் திரை எண்ணிக் காட்டாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

இன்றைக்குப் பச்சை எழுத்தை எவரும் பார்ப்பதில்லை. ஆனால் லாச்சிகள் அப்படியே இருக்கின்றன. மகள் தன் போனில் குடும்பத்துக்கு ரிக்கற் தேடும்போது நான் இப்போதும் சொல்வேன், "முதல் ஒராளுக்குக் கேள், பிறகு ரெண்டு பேருக்குக் கேள், கடைசியா நாலு பேருக்குக் கேள்" என்று. விலை எந்த இடத்தில் துள்ளுகிறதோ அந்த இடத்தில் ஒரு லாச்சி முடிந்திருக்கிறது.

இந்த லாச்சிகளை யார் செய்தார்கள் என்று பின்னாளில் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் விமானக் கட்டணத்தை அரசே நிர்ணயித்து வந்த காலம் 1978இல் ஒரு சட்டத்தோடு முடிந்தது. புதிய மலிவு நிறுவனங்கள் வந்தன. அவர்களோடு போட்டிக்கு நிற்க, 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு வழி கண்டது: முன்கூட்டியே நாள் சொல்லி வாங்குகிறவருக்குக் கொஞ்ச ஆசனங்களை மிக மலிவாய்க் கொடுப்பது, கடைசி நேரத்தில் எந்த விலையானாலும் வருகிறவருக்கு மிச்சத்தை வைத்திருப்பது. எந்த விமானத்தில் எந்த லாச்சியை எத்தனை ஆசனத்தோடு திறப்பது என்று கணினி ஓயாமல் கணக்குப் பார்க்கும். விற்பனை மந்தமானால் மூடிய லாச்சி திரும்பத் திறக்கும். சூடுபிடித்தால் திறந்தது மூடும். அவர்கள் விலை வைப்பது ஆசனத்துக்கு இல்லை. நம்முடைய நாள் நமக்கு எவ்வளவு முன்னரே தெரியும் என்பதற்கு.

இந்த வரியை எழுதும்போது எனக்கு அம்மாவின் குரல் கேட்கிறது.

"எப்ப பிள்ளை வாறாய்?"

2002இல் போய் வந்த பிறகு ஒவ்வொரு கிழமையும் ரெலிபோன் கார்ட் சுரண்டி எடுப்பேன். ஊரில் எங்கள் வீட்டுக்கு மேலால் பலாலிக்குப் போகும் விமானங்களின் சத்தத்தை வைத்தே இது பொம்பர், இது சாமான் கொண்டுவருவது என்று சொல்லப் பழகிய மனிசி அவர். சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய காலம் முடிந்து, எந்த விமானத்தில் மகள் வருவாள் என்று கேட்கும் காலம் வந்திருந்தது. நான் சொல்வேன்: "ரிக்கற் கொஞ்சம் இறங்கட்டும் அம்மா."

அப்படித்தான் கொப்பி தொடங்கியது. சதுர றூள் கொப்பி. வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க்கடையில் வாரப் பத்திரிகைகள் வந்திருக்கும். பயண விளம்பரங்களைப் பார்த்து, மூன்று கடைக்குப் போன் எடுத்து, கொழும்புக்கு என்ன விலை போகுது என்று கேட்டு எழுதுவேன். எந்த நாளில் புறப்பட, எந்த நாளில் திரும்ப, எந்த வழி, எத்தனை கிலோ. விளம்பரத்தில் பெரிதாய் ஒரு விலை இருக்கும், கீழே எறும்பு எழுத்தில் "வரி வேறு" என்றிருக்கும். அந்த வரி சில வேளை ரிக்கற்றின் பாதிக்கு வரும். ஆகவே எனக்கு இரண்டு நிரல் வேண்டியிருந்தது. 2012 இறுதியில் கனடா அரசு எல்லா வரியும் சேர்ந்த முழு விலையையே விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. அதற்குப் பிறகு ஒரு நிரல் போதும்.

கொப்பி எனக்கு மெதுவாகத்தான் பேசியது. இரண்டு வருடம் எழுதிய பிறகுதான் ஒரு வடிவம் தெரிந்தது. ஆனிக் கடைசியிலிருந்து ஆவணி நடு வரை உச்சம். மார்கழி இரண்டாம் கிழமையிலிருந்து நத்தார் வரை அதைவிட உச்சம். தைப்பொங்கல் கழிந்து பங்குனிப் பள்ளி விடுமுறை தொடங்கும் வரை ஒரு பள்ளம். புரட்டாதி, ஐப்பசி இன்னொரு பள்ளம். திங்கள் முதல் வியாழன் வரை புறப்பட்டால் ஒரு கட்டணம், வெள்ளி முதல் ஞாயிறு வரை இன்னொன்று. இது ஊகம் இல்லை, பல கட்டணங்களின் விதியிலேயே அப்படி எழுதியிருக்கும். பருவமும் அப்படித்தான். உச்சப் பருவம் ஒரு குறிப்பிட்ட தேதியில் தொடங்கும், அதற்கு ஒருநாள் முன்னால் ஏறினால் பழைய விலை. பிள்ளைகளின் கடைசிப் பள்ளி நாளைத் தவறவிட்டு ஒரு புதன்கிழமை புறப்பட்ட வருடம், ரிக்கற்றுக்கு இருநூறு டொலருக்கு மேல் மிஞ்சியது.

செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். என் கொப்பியில் அதற்குச் சாட்சி இல்லை. முன்னொரு காலத்தில் நிறுவனங்கள் திங்களில் விலை குறைப்பை அறிவிக்க, மற்றவை செவ்வாயில் அதற்கு ஈடாய் இறங்கிய வழக்கம் இருந்தது. இப்போது விலைகள் நாளுக்குப் பலமுறை மாறுகின்றன. எந்தக் கிழமையில் வாங்குகிறோம் என்பதில் ஒன்றுமில்லை, எந்தக் கிழமையில் பறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேடின அடையாளத்தைக் கொம்பியூட்டரில் அழித்துவிட்டுத் தேடினால் விலை குறையும் என்பதையும் பலமுறை சோதித்தேன், குறையவில்லை. பதினொரு மாதத்துக்கு முன்னர் ரிக்கற் திறந்த அன்றே வாங்குவதும் வீண்தான், நத்தார்க் காலத்தைத் தவிர. மற்றப் பருவங்களுக்கு மூன்று நாலு மாதம் முன்னராகப் பார்த்ததில்தான் என் கொப்பியின் குறைந்த எண்கள் இருக்கின்றன. கடைசி மூன்று கிழமைக்குள் போனால் முன்பதிவு விதிகள் ஒவ்வொன்றாய்க் கழன்று, மேல் லாச்சிகள்தான் மிஞ்சும்.

சில பக்கங்களில் விலையை எங்கள் கிழமையும் மாதமும் தீர்மானிக்கவில்லை. எமிரேட்ஸ் 2007இல் ரொறன்ரோவுக்கு வந்தபோது வாரம் மூன்று பறப்புத்தான். கூட்டிக் கேட்டார்கள், கனடா மறுத்தது. சண்டை முற்றி, துபாய்க்குப் பக்கத்தில் கனடா இராணுவம் வைத்திருந்த தளத்தை 2010இல் காலி பண்ண வேண்டி வந்தது. தினமும் ஒரு பறப்பு என்று ஆனது 2023இல். கட்டார் எயர்வேய்ஸ் 2011இலிருந்து மொன்றியலுக்குப் பறந்தது, ரொறன்ரோவுக்கு வந்தது 2024 மார்கழியில்தான். இடைப்பட்ட வருடங்களில் எங்கள் சனம் 540 கிலோமீற்றர் வான் பிடித்து மொன்றியல் போய் ஏறியது. வளைகுடா வழியாகக் கொழும்பு போகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் நகரத்துக்கு ஆசனம் இவ்வளவு குறைவாய் இருந்தால் விலை எப்படி இறங்கும்? இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிக்காததன் மிச்சத்தை நாங்கள்தான் ரிக்கற்றில் கட்டினோம். இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

மகள் பல்கலைக்கழகம் போன காலத்தில் கூகிள் பிளைற்ஸைக் காட்டினாள். மாதத்தின் எல்லா நாளுக்கும் விலை ஒரே பார்வையில். நான் இரண்டு வருடம் போன் எடுத்துக் கண்டுபிடித்த பள்ளமும் மேடும் அங்கே பச்சையாகவும் சிவப்பாகவும் இருந்தன. "இனிக் கொப்பி எதுக்கு அம்மா?" என்று கேட்டாள். விலை மாறினால் மின்னஞ்சல் வரும்படியும் வைத்துத் தந்தாள். ஆனாலும் எழுதுவதை நான் நிறுத்தவில்லை. திரை இன்றைய விலையைச் சொல்லும். இது நல்ல விலையா என்று சொல்வதற்குப் போன வருடத்துப் பக்கம் வேண்டும்.

அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் 2016 ஐப்பசியில் ஒரு ரிக்கற் வாங்கினேன். 2017 மாசி மாதம், ஒரு செவ்வாய் புறப்பட்டு நாலு கிழமை கழித்து ஒரு புதன் திரும்ப. 1,180 டொலர். கொப்பியில் அதுவரை எழுதியதில் அதுதான் குறைந்த எண், கீழே இரண்டு கோடு போட்டேன். அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"மாசியோ? மார்கழிக்கு வரேலாதோ பிள்ளை?"

"மார்கழியில ரெண்டு மடங்கு அம்மா. மாசியில ஆறுதலா ஒரு மாதம் நிப்பன்."

"சரி மோனை. காசைக் கரியாக்காதை."

மார்கழி 14, புதன்கிழமை. காலை நாலு மணிக்கு என் தம்பி போன் எடுத்தான்.

அழுதுகொண்டே கொம்பியூட்டரைத் திறந்தேன். நத்தாருக்குப் பதினொரு நாள். திரையில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்பது மணிக்கு அந்தப் பழைய கடைக்குப் போனேன். கடைத் தம்பிக்கு இப்போது தலை நரைத்திருந்தது. முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டார். என் மாசி ரிக்கற்றை முன்னுக்கு இழுக்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தார். முடியும். மாற்றும் கட்டணம் ஒன்று, அதற்கு மேல் மாசி லாச்சிக்கும் அன்றிரவு திறந்திருந்த லாச்சிக்கும் உள்ள வித்தியாசம். கூட்டினால் புது ரிக்கற்றையே எட்டியது. கீழ் லாச்சிகள் எல்லாம் பூச்சியம். மேலே இரண்டுதான் திறந்திருந்தன. போகும் வழி மட்டும் வாங்குவோம், திரும்பும் நாள் தெரியாதே என்றேன். "வேண்டாம் அக்கா, ஒருவழி எடுத்தா போய்வாற ரிக்கற்றையும் விடக் கூடக் காட்டுது. ஏதோ ஒரு நாளுக்குத் திரும்பப் போடுவம், பிறகு மாத்துவம்" என்றார். லண்டன் வழியாக, 2,940 டொலர். இரண்டு கார்டில் பிரித்துத் தேய்த்தேன்.

வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை உடலை வைத்திருப்பது ஊரில் வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை காலை நான் வாசலில் இறங்கியபோது பறை கேட்டது. எடுக்க இரண்டு மணித்தியாலம் இருந்தது. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். மாசி ரிக்கற்றில் சில வரிகள் மட்டும் திருப்பிக் கிடைத்தன.

துக்கத்துக்கு என்று ஒரு கட்டணச் சலுகை சில நிறுவனங்களில் உண்டு. பயணத்துக்கு முன்னரே கேட்க வேண்டும், அந்த நேரத்தில் யாருக்கு அந்த ஞாபகம் வரும்? 2022இல் பாட்டியை இழந்த ஒரு பயணிக்கு, பறந்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் தானியங்கி உரையாடி தவறாகச் சொன்னது. நிறுவனம் பிறகு மறுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 மாசியில் பயணியின் பக்கம் நின்று, 650 டொலர் சொச்சம் இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் அந்தச் செய்தியை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா போன பிறகு எட்டு மாதம் கொப்பியைத் திறக்கவில்லை. மலிவு ரிக்கற் என்பதை நான் வெறும் விலை என்று நினைத்திருந்தேன். அது ஒரு வாக்கு. இன்ன நாள் ஏறுவேன், இன்ன நாள் இறங்குவேன் என்று நாலு மாதம் முன்னரே எழுதிக் கொடுக்கும் வாக்கு. அம்மாவின் நாளை யாரால் எழுதிக் கொடுக்க முடியும்?

கொப்பியில் தப்பில்லை என்று பிறகு எனக்கு விளங்கியது. தப்பு மிச்சக் காசில் இருந்தது. ஒவ்வொரு முறையும் மலிவாய் வாங்கி மிஞ்சிய இருநூறும் முந்நூறும் சேலையாகவும் சொக்லேற்றாகவும் போய்விட்டன. அவற்றைச் சேர்த்திருந்தால் 2016 மார்கழியில் மட்டுமில்லை, அதற்கு முந்திய மார்கழியிலும், அம்மா கேட்ட மார்கழியிலெல்லாம், விலையைப் பார்க்காமல் ஏறியிருப்பேன். ஆகவே வங்கியில் தனியாய் ஒரு கணக்குத் திறந்தேன். இவர் அதற்கு ஊர்க் காசு என்று பெயர் வைத்தார். பள்ளத்தில் வாங்கும் ஒவ்வொரு ரிக்கற்றுக்கும் அந்த வருட உச்ச விலைக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் போக வேண்டும். வேறு எதற்கும் தொடுவதில்லை.

பலாலியில் 2019 ஐப்பசியில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் திறந்தது. கொரோனாவில் நின்று 2022 மார்கழியில் சென்னைப் பறப்பு திரும்பத் தொடங்கியது, 2024 புரட்டாதியில் இண்டிகோவும் வந்தது. போன வருடம் மாசியில் நான் அந்த வழியால் போய்ப் பார்த்தேன். ரொறன்ரோ சென்னை ஒரு ரிக்கற், சென்னை யாழ்ப்பாணம் இன்னொரு ரிக்கற். கூட்டிப் பார்த்தால் கொழும்பு வழியோடு பெரிய வித்தியாசம் இல்லை, ஏழு எட்டு மணித்தியால வான் ஓட்டம் மிஞ்சும். ஆனால் தனித்தனி ரிக்கற் என்றால் முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை. இந்திய விசா வேண்டும், பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டு பெட்டி 23 கிலோப்படி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்தச் சின்ன விமானத்தின் அளவு போதாது. நான் ஒரு பெட்டியோடு போனேன், சென்னையில் ஓர் இரவு தங்கினேன். ஏடிஆர் விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிட்டது. இறங்கும்போது சன்னலால் தோட்டங்களைப் பார்த்தேன், சிவப்பு மண். அந்தச் சத்தம் எங்கள் வீட்டு முற்றத்தில் கேட்டிருக்கும். இப்போது அங்கே சின்னம்மா இருக்கிறா.

பிளாசாக் கடை இப்போதும் இருக்கிறது. தம்பியின் மகன் நடத்துகிறான். இணையத்தில் கிடைக்கும் விலையைவிட அவனிடம் சில வேளை குறைவு, சில வேளை கூட. பிரச்சினை வந்தால் போன் எடுக்க ஒரு மனிதர் இருக்கிறார் என்பதற்காகவே நீண்ட பயணங்களை அங்கேதான் வாங்குகிறேன். எந்தக் கடையானாலும் ஒன்ராறியோவில் பயண முகவர்களைப் பதிவு செய்யும் ரிக்கோ அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். பதிவுள்ள முகவர் கடையை மூடினால் இழப்பீடு கேட்க ஒரு நிதியாவது இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமையும் எழுதினேன். கொழும்பு, அடுத்த மாசி, செவ்வாய் புறப்பட்டுப் புதன் திரும்ப. விலை போன வருடத்தைவிட அறுபது டொலர் கூட. சின்னம்மாவுக்கு வரும் ஆவணியில் எண்பத்தேழு முடிகிறது. ஊர்க் காசில் ஒரு மார்கழி ரிக்கற்றுக்கு இருக்கிறது.